தாம்பரத்துக் கடிதங்கள்

1982இல் கோவில்பட்டியில் உட்கார்ந்துகொண்டு விமானி உரிமத்துக்குப் படிக்க வேண்டுமென்றால், புத்தகம் டெல்லியிலிருந்து வி.பி.பி.யில் வரவேண்டும். கன்னாட் பிளேஸில் விமானப் புத்தகங்கள் விற்கும் கடைகள் ஒன்றிரண்டு இருந்தன. அஞ்சலட்டை எழுதிப்போட்டால் விலைப்பட்டியல் வரும். வேண்டியதற்குக் குறி போட்டு அனுப்பினால் துணியில் தைத்த பார்சல் வரும். தபாலாபீஸில் பணம் கட்டிவிட்டு அங்கேயே படியில் உட்கார்ந்து தையலைப் பிரித்துவிடுவேன்; வீடு போகும்வரை பொறுக்காது. உள்ளே இங்கிலாந்தில் அச்சடித்த நேவிகேஷன் புத்தகம் இருந்தது. யாரோ படித்து முடித்து விற்ற பிரதி. ஓரமெல்லாம் அவருடைய பென்சில் குறிப்புகள். முகம் தெரியாத அந்த மனிதரின் குறிப்புகள்தாம் எனக்கு முதல் வகுப்பு.

இன்று அதே தெருவில் என் தங்கை மகள் மாலை ஏழு மணிக்கு லேப்டாப்பைத் திறக்கிறாள். டெல்லி துவாரகாவிலிருந்து ஆசிரியர் பாடம் நடத்துகிறார். விமானிகளுக்கான எழுத்துத் தேர்வு வகுப்புகள் நெருக்கமாக மொய்த்துக் கிடக்கும் பகுதி அது. கொரோனாவுக்கு முன்பு அங்கே அறை எடுத்துத் தங்கினால்தான் படிப்பு. 2020க்குப் பிறகு வகுப்பே வீட்டுக்கு வந்துவிட்டது. லக்னோ பையனும் குவாஹாட்டிப் பெண்ணும் கொச்சிக்காரரும் ஒரே திரையில் சின்னச் சின்னக் கட்டங்களாகத் தெரிகிறார்கள். வகுப்பைத் தவறவிட்டால் பதிவு இருக்கிறது. புரியாத இடத்தை நிறுத்தி, பின்னுக்கு ஓட்டி, மறுபடி கேட்கலாம். இதை முதன்முதலாகப் பார்த்த அன்று எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. இப்படி ஒன்று எனக்குக் கிடைத்திருக்கக் கூடாதா என்ற ஏக்கம் இல்லை. இவளுக்குக் கிடைத்திருக்கிறதே என்ற நிறைவு.

தேர்வுத் தாள்கள் பெரிதாக மாறவில்லை. ஏர் நேவிகேஷன், மெட்டியோராலஜி, ஏர் ரெகுலேஷன்ஸ், டெக்னிக்கல் ஜெனரல், ஓட்டப்போகும் விமானத்தைப் பற்றிய டெக்னிக்கல் ஸ்பெசிஃபிக். எழுபது சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. வானொலிப் பேச்சுக்கு ஆர்.டி.ஆர். என்று தனித் தேர்வு. அது நெடுங்காலம் தொலைத்தொடர்புத் துறையின் கையில் இருந்து, புதிய வான்வழிச் சட்டம் நடைமுறைக்கு வந்த 2025இல்தான் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்துக்கு மாறியது. வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். பெரிய விமானத்தில் கேப்டனாக உட்கார 1500 மணி நேரமும், மேலே இன்னொரு அடுக்குத் தேர்வுகளும். நாங்கள் அதை ஏ.எல்.டி.பி. என்போம்; இவர்கள் ஏ.டி.பி.எல். என்கிறார்கள்.

யார் படிக்கலாம் என்பதில்தான் பெரிய மாற்றம். எங்கள் காலத்தில் பத்தாம் வகுப்பு தேறியிருந்தாலே உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். 1990களின் நடுவிலிருந்து பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் கட்டாயமாகிவிட்டன. தங்கை மகள் படித்தது வணிகவியல் பிரிவு. தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பதிவு செய்து, அந்த இரண்டு பாடங்களையும் வீட்டிலிருந்தே எழுதித் தேறிய பிறகுதான் விமானப் பாடத்துக்கே வர முடிந்தது. என் தங்கைக்கு இதில் வருத்தம். “ஒரு வருசம் வீணாப் போச்சே அண்ணே” என்றாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெக்டரும் காந்தப்புலமும் தெரியாமல் நேவிகேஷனுக்குள் நுழைகிறவர்கள் சூத்திரத்தை மட்டும் தூக்கிக்கொண்டு நடப்பார்கள். அந்த ஒரு வருடம் அவளுக்குக் கால் ஊன்ற இடம் கொடுத்தது.

எனக்கு அந்த இடத்தைக் கொடுத்தவர் தாம்பரத்தில் இருந்த பெரியவர் ஒருவர். விமானப்படையில் நேவிகேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் அப்போது கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். கையில் பணம் சேரும்போதெல்லாம் ரயிலேறி மெட்ராஸ் போய், மீனம்பாக்கம் ஃப்ளையிங் கிளப்பில் புஷ்பக் விமானத்தில் பறந்துவிட்டு வருவேன். அங்கிருந்த பயிற்றுநர்தான் அவருடைய முகவரியைக் கொடுத்தார். “நேரில் போய்த் தொந்தரவு பண்ணாதே, எழுதிக் கேள்” என்றார். எழுதினேன். இன்லண்ட் லெட்டரில் கணக்கைப் போட்டு, என் விடையையும் போட்டு, எங்கே சந்தேகமோ அங்கே கோடிட்டு அனுப்புவேன். அவர் அதே கடிதத்தில் வரிகளுக்கு நடுவே சிவப்பு மையில் திருத்தி, இன்னொரு உறையில் போட்டுத் திருப்பி அனுப்புவார். போக வர ஒரு வாரம், சில சமயம் அதற்கும் மேலே. மடிப்புக்குள் மிஞ்சிய சிறு இடத்தில் பென்சிலால் படம் வரைந்திருப்பார். அந்தப் படங்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன.

ஒரு கடிதத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். விமானத்தின் காந்தக் காம்பஸுக்கு ஒரு குணம் உண்டு. வடகோளத்தில் வடக்கு நோக்கித் திரும்பும்போது அது பின்தங்கும். தெற்கு நோக்கித் திரும்பும்போது முந்திக்கொள்ளும். ஆகவே காம்பஸ் வடக்கைக் காட்டும்வரை காத்திருக்காமல் முன்னதாகவே திருப்பத்தை நிறுத்த வேண்டும். தெற்கென்றால் கொஞ்சம் தாண்டி நிறுத்த வேண்டும். உலகம் முழுக்க மாணவர்கள் இதை ஒரு வாய்ப்பாடாக மனப்பாடம் செய்கிறார்கள். நானும் செய்தேன். ஆனால் மீனம்பாக்கத்துக்கு மேலே புஷ்பக்கை வடக்கே திருப்பியபோது, புத்தகத்தில் சொன்ன அளவுக்குக் காம்பஸ் பின்தங்கவே இல்லை. கருவி பழுதா, என் கை பழுதா என்று தெரியவில்லை. தாம்பரத்துக்கு எழுதினேன்.

பதிலில் விளக்கம் எதுவும் இல்லை. இரண்டு கேள்விகள் இருந்தன. புத்தகம் எழுதியவர் எந்த ஊர்க்காரர், நீ எந்த ஊரில் பறந்தாய்? இரண்டு ஊரிலும் பூமியின் காந்தப்புலம் தரைக்கு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்துப் படம் போட்டு அனுப்பு.

வாரக்கணக்கில் அந்தக் கேள்வி என்னோடு இருந்தது. தீப்பெட்டி ஆபீஸில் பேரேட்டைப் புரட்டும்போதும் இருந்தது. மதுரையில் ஒரு கல்லூரியில் இயற்பியல் ஆசிரியரைப் போய்ப் பார்த்தேன். அவர் ஒரு பழைய நிலப்படத்தை விரித்துக் காட்டினார். காந்தப்புலத்தின் சாய்வு எந்தெந்த ஊரில் எத்தனை டிகிரி என்று கோடு கோடாக வரைந்த படம். லண்டனில் ஊசி 60 டிகிரிக்கு மேல் தரையை நோக்கிக் குத்திட்டு நிற்கப் பார்க்கும். டெல்லியில் 40 டிகிரிக்கு மேல். கீழே வரவரக் குறைந்து, மெட்ராஸில் சில டிகிரிகள்தான். சாய்வே இல்லாத கோடு, காந்த நடுக்கோடு, நம் தென்கோடியை ஒட்டிப் போகிறது. கோவில்பட்டியில் நான் உட்கார்ந்து படித்த திண்ணையிலிருந்து அது எட்டிப்பிடிக்கும் தூரம்.

அங்கிருந்து மற்றதெல்லாம் தானாக அவிழ்ந்தது. காந்தம் சாய்ந்துவிடாமல் கிடைமட்டமாக நிற்பதற்காகக் காம்பஸில் அதன் எடையைத் தொங்கவிட்டு அமைத்திருப்பார்கள். புலம் சாயச் சாய, எடையின் மையம் தாங்குமுனைக்கு நேர் கீழே இல்லாமல் ஒரு பக்கம் ஒதுங்கும். வடகோளத்தில் அது தெற்குப் பக்கம் ஒதுங்கும். விமானம் திரும்பும்போது அந்த ஒதுங்கிய எடை இழுபட, காம்பஸ் பொய் சொல்லும். சாய்வு இல்லாத ஊரில் எடை ஒதுங்காது, பொய்யும் இல்லை. இங்கிலாந்துக்காரர் தன் வானத்தில் கண்டதைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். என் வானம் வேறு. படம் போட்டு அனுப்பினேன். சிவப்பு மையில் ஒரே ஒரு சரிக்குறி வந்தது.

இந்தக் காந்த நடுக்கோடு எவ்வளவு பெரிய விஷயம் என்பது பிறகுதான் முழுதாகத் தெரிந்தது. 1963இல் தும்பாவில் ராக்கெட் தளம் அமைந்ததற்கே அதுதான் காரணம். அந்தக் கோட்டை ஒட்டி, நூறு கிலோமீட்டர் உயரத்தில் பகல் நேரத்தில் ஓடும் மின்னோட்டத்தை ஆராய அந்த இடம் வசதி. திருநெல்வேலி பக்கத்தில் கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் ஒன்று இதே வேலையாக இருக்கிறது. பாடம் எங்கோ இங்கிலாந்தில் இருக்கிறதென்று டெல்லிக்கு எழுதி வரவழைத்தேன். அந்தப் பாடத்தின் மிக அரிய உதாரணம் எங்கள் ஊருக்குத் தெற்கே பஸ் போகும் தூரத்தில் இருந்திருக்கிறது.

போன வருடம் ஒரு இரவு, வகுப்பு முடிந்ததும் தங்கை மகள் நோட்டை எடுத்துக்கொண்டு வந்தாள்.

“மாமா, காம்பஸ் நார்த்துக்குத் திரும்பும்போது பிந்தும்னு சார் சொன்னார். ஏன்னு சாட்ல கேட்டேன். பரீட்சைக்கு இவ்வளவு போதும், வாய்ப்பாட்டை மட்டும் வெச்சுக்கங்கன்னுட்டார்.”

“அவரு எந்த ஊர்ல இருந்து சொல்றாரு தாயி?”

“டெல்லி.”

“நீ எந்த ஊர்ல இருந்து கேக்குற?”

அவள் என்னையே பார்த்தாள். “அதுக்கும் இதுக்கும் என்ன மாமா?”

நான் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரை நேரம் கொடுத்தேன். செல்போனில் தேடினால் ஒரு நிமிடத்தில் கிடைத்துவிடும் என்பது எனக்குத் தெரியும்; அவளுக்கும் தெரியும். “தேடாதீங்கன்னு சொல்றீங்களா மாமா?” என்றாள். “தேடு. ஆனா விடையைத் தேடாத. மேப்பைத் தேடு” என்றேன். சனிக்கிழமை இரவே வந்துவிட்டாள். காம்பஸைப் பக்கவாட்டில் வெட்டிய படம், எடை தொங்கும் இடம், புலத்தின் கோடு, எல்லாம் பென்சிலில். ஓரத்தில் கோவில்பட்டி, டெல்லி, லண்டன் என்று மூன்று அம்புகள் வெவ்வேறு சாய்வில்.

அந்த ஆசிரியரை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு வகுப்பில் அவருக்கு எத்தனை பேர், அத்தனை பேருக்கும் தேர்வுத் தேதி நெருங்குகிறது. இரவு பத்தரைக்குக் கூடக் குரல்பதிவில் சந்தேகம் தீர்த்து அனுப்புகிறார். நானே கேட்டிருக்கிறேன், நன்றாகச் சொல்லித் தருகிறவர். என் கவலை வேறு இடத்தில் இருக்கிறது. கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே எனக்கு ஒரு வாரம் இருந்தது. அந்த வாரத்தில்தான் நான் படித்தேன். தபால் தாமதத்தை யாரும் பாடத்திட்டத்தில் சேர்க்கவில்லை. ஆனால் அது என் பாடத்தில் பாதி வேலை செய்தது. இவளுக்கு அந்த இடைவெளியை யாராவது வலிந்து உண்டாக்கித் தர வேண்டியிருக்கிறது.

தேர்வு முறையும் இதற்குத் துணை நிற்கவில்லை. எங்கள் தாள்களில் விளக்கி எழுதும் கேள்விகள் இருந்தன. இப்போது கணினி முன் உட்கார்ந்து நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. வேகமாகத் திருத்தலாம், பாரபட்சம் இருக்காது, முடிவு சீக்கிரம் வரும். இவை எல்லாம் நல்லவைதான். கூடவே கேள்வி வங்கியும் வந்துவிட்டது. ஆயிரக்கணக்கான பழைய கேள்விகள் டெலிகிராம் குழுக்களில் சுற்றுகின்றன. ஐ.சி. ஜோஷியின் வானிலைப் புத்தகத்தையோ ஆர்.கே. பாலியின் விதிமுறைப் புத்தகத்தையோ ஒருமுறை வரிவரியாகப் படித்துவிட்டு வங்கியில் பயிற்சி எடுத்தால் அது நல்ல பழக்கம். புத்தகத்தைத் திறக்காமல் வங்கியை மட்டும் உருப்போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கேள்வியின் முதல் நான்கு சொல்லைப் பார்த்ததும் விடை தெரிந்துவிடுகிறது அவர்களுக்கு.

தங்கை மகளுக்கு ஒரு கணக்குக் கொடுத்தேன். வங்கக்கடலில் புயல். சென்னையில் காற்றழுத்தம் 993 ஹெக்டோபாஸ்கல். உயரம் காட்டும் ஆல்டிமீட்டரை நீ பொது அளவான 1013இலேயே விட்டுவிட்டு இறங்குகிறாய். என்ன ஆகும்? அழுத்தம் அதிகமான இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் போனால் கருவி உண்மையைவிட உயரமாகக் காட்டும் என்று உடனே சொன்னாள். வங்கியில் இருக்கும் விடை அது. எவ்வளவு என்று கேட்டேன். கடல்மட்டத்துக்கு அருகே ஒரு ஹெக்டோபாஸ்கலுக்கு ஏறத்தாழ 27 அடி; இருபதுக்கு 540 அடி. அதையும் போட்டுவிட்டாள். பரங்கிமலையின் உயரம் என்ன என்று கேட்டேன்.

பரங்கிமலை சுமார் 300 அடி. மீனம்பாக்கம் ஓடுபாதைக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. கருவி 800 அடி என்று காட்டும்போது விமானம் உண்மையில் 260 அடியில் இருக்கும். மேகத்துக்குள்ளே, மழைக்குள்ளே. அவள் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். “இதை யாரும் கேள்வியா கேக்கலயே மாமா” என்றாள். வடகிழக்குப் பருவமழையில் இறங்கும் ஒவ்வொரு விமானியையும் வானம் இதைத்தான் கேட்கிறது. அதனால்தான் தரையிலிருந்து கட்டுப்பாட்டாளர் அந்த இடத்து அழுத்தத்தைச் சொல்கிறார், விமானி அதைத் திருப்பிச் சொல்கிறார், சரிபார்த்த பிறகே அடுத்த வேலை.

மனப்பாடம் எங்கே முடிகிறது என்று காட்டிய விபத்து 2009 ஜூன் 1இல் நடந்தது. ரியோவிலிருந்து பாரிஸுக்குப் போன ஏர் பிரான்ஸ் ஏ330. வேகத்தை அளக்கும் பிட்டாட் குழாய்களைப் பனிப்படிகம் அடைத்தது. ஆட்டோபைலட் விலகிக்கொண்டது. மூக்கு மேலே தூக்கப்பட்டது, இறக்கைகள் தாங்கும் சக்தியை இழந்தன; இதைத்தான் ஸ்டால் என்பார்கள். விமானம் ஐந்து நிமிடம்கூட ஆகாமல் அட்லாண்டிக்கில் விழுந்தது. 228 பேர். அந்த விமானிகள் தேர்வு எழுதாதவர்கள் அல்லர், அனுபவம் இல்லாதவர்களும் அல்லர். ஸ்டால் என்பது வேகத்தைப் பற்றியதல்ல, இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணத்தைப் பற்றியது என்று ஒவ்வொரு புத்தகத்திலும் இருக்கிறது. இருட்டில், எச்சரிக்கை ஒலிகளுக்கு நடுவே, அந்த வரி கைக்கு வந்து சேர வேண்டும். அதற்கு அந்த வரியோடு ஒருவர் நெடுநாள் பழகியிருக்க வேண்டும்.

தேர்வையே ஏமாற்றுகிறவர்களைப் பற்றி அதிகம் எழுத எனக்கு விருப்பமில்லை. 2011இல் நம் நாட்டில் போலி மதிப்பெண் பட்டியல் கொடுத்து ஏ.டி.பி.எல். வாங்கியவர்கள் பிடிபட்டார்கள். 2020இல் பாகிஸ்தானின் விமானத்துறை அமைச்சரே 262 விமானிகளின் உரிமங்கள் சந்தேகத்துக்குரியவை என்று நாடாளுமன்றத்தில் சொன்னார். பயணிகள் நிம்மதியாகத் தூங்குவது இந்தத் தாள்களின் மேல் வைத்த நம்பிக்கையில். அதைத் திருடுவதை என்னால் சின்னக் குற்றமாக எண்ண முடியவில்லை.

வேலையைப் பொறுத்தவரை காலம் தலைகீழாகிவிட்டது. நான் படித்தபோது 1953ஆம் ஆண்டின் சட்டப்படி வழக்கமான விமானச் சேவை முழுக்க அரசு நிறுவனங்களின் கையில். உரிமம் வாங்கியவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். எதற்குப் படிக்கிறாய் என்று ஊரே கேட்டது. 1994இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்ட பிறகுதான் கதவு திறந்தது. 2023இல் மட்டும் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும் இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்தன. யாரும் இவளை எதற்குப் படிக்கிறாய் என்று கேட்பதில்லை. எப்போது முடிப்பாய் என்றுதான் கேட்கிறார்கள். நம் விமானிகளில் ஏறத்தாழ 15 சதவீதம் பெண்கள்; உலகச் சராசரியைப்போல மூன்று மடங்கு. பயிற்சிச் செலவு அரைக் கோடியைத் தாண்டுகிறது என்பது மட்டும் நெஞ்சில் கனமாக உட்கார்ந்திருக்கிறது. வகுப்பு கோவில்பட்டிக்கு வந்துவிட்டது. பறக்கும் நேரத்தின் விலை இன்னும் வரவில்லை.

அவளுடைய மேஜையில் என் பழைய வட்ட ஸ்லைடு ரூல் இருக்கிறது. 1930களில் ஃபிலிப் டால்ட்டன் என்ற அமெரிக்கர் வடிவமைத்த கணிப்பானின் வழிவந்தது. ஒரு பக்கம் வேகம், நேரம், எரிபொருள். மறுபக்கம் காற்று முக்கோணம். டால்ட்டன் 1941இல் விமான விபத்தில் இறந்துபோனார். அவர் கருவி இன்னும் எல்லா நாட்டு மாணவர்களின் பையிலும் இருக்கிறது. செயலியில் போட்டால் விடை உடனே வரும். அந்தத் தட்டைத் திருகும்போது காற்று விமானத்தை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்பது கண்ணுக்கு முன்னால் நகர்கிறது. கிளார்க்ஸ் டேபிள் என்ற மடக்கை அட்டவணைப் புத்தகத்தை நான் அவளுக்குக் கொடுக்கவில்லை; அது போனதில் நஷ்டமில்லை.

இப்போது அவளிடம் ஒரு சந்தேக நோட்டு இருக்கிறது. வகுப்பில் எழும் கேள்வியை அன்றே கேட்டுவிடாமல் அதில் எழுதி வைக்கிறாள். ஞாயிறு வரை அது அவளோடு இருக்கும். பாதிக் கேள்விகளுக்கு அவளே விடை எழுதிவிடுகிறாள். மிச்சத்தை ஆசிரியருக்கு அனுப்புகிறாள். இப்படித் தீட்டி வரும் கேள்விகள் தனக்குப் பிடித்திருக்கின்றன என்று அவரும் சொல்லி, போன மாதம் வகுப்பிலேயே ஒன்றை எடுத்து விவாதித்திருக்கிறார்.

ஆனால் ஒரு மாமாவும் ஒரு நோட்டும் இருக்கிற பிள்ளைக்கு மட்டும் இது கிடைத்தால் போதாது. தேர்வு நடத்துகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. நான்கில் ஒன்று முறை அப்படியே இருக்கட்டும். ஒவ்வொரு தாளிலும் ஒரே ஒரு கேள்வியை, படம் வரைந்து, ஏன் என்று கையால் விளக்கச் சொல்லிக் கேளுங்கள். காம்பஸ் ஏன் பிந்துகிறது, ஆல்டிமீட்டர் ஏன் பொய் சொல்கிறது, அவ்வளவுதான். யார் திருத்துவது என்று கேட்பீர்கள். பணி ஓய்வு பெற்ற கேப்டன்களும் நேவிகேட்டர்களும் நாடு முழுக்க வீட்டில் இருக்கிறோம். தபாலில் அனுப்பினாலும் சரி, இணையத்தில் அனுப்பினாலும் சரி, சம்பளம் வேண்டாம், நாங்கள் திருத்தித் தருகிறோம்.